இந்தப் பக்கத்து ஆள்

ஆஸ்பத்திரியிலிருந்து ஐயம்பேட்டை போகும் பஸ்ஸில், பக்கவாதத்தில் வலது கை விழுந்த நெசவாளரும் அவர் மனைவியும் எனக்கு முன் சீட்டில் இருந்தார்கள்.

"ஆஸ்பத்திரியில கரண்டு வெச்சா கை தானா தூக்குது. நான் வேற எதுக்குத் தூக்கணும்?" என்றார் அவர்.

"கூடவே நீயும் தூக்கினாத்தான் கை திரும்பும்னு டாக்டர் தலையால அடிச்சிக்கினாரே! ரெண்டு பேரா உக்காந்து கோர்வை சேலை நெய்யறப்ப அந்தப் பக்கம் ஆளு கரைக்கு நூல் ஓட்டற நாடாவைத் தள்றான்னு, இந்தப் பக்கம் நீ தூங்குவியாய்யா?"

"தறியில நான் எப்பம்மா தூங்கினேன்?"

"அப்ப தூக்கு! உன் தறியில வேற ஆளை உக்கார வெக்கப் போறாங்களாம்."

அந்த அதட்டலில் என் கைதான் முதலில் உயர்ந்தது. நான் இறங்கக் கேட்கிறேன் என்று நினைத்து கண்டக்டர் விசிலடித்தார். இறங்காததற்குத் திட்டு வாங்கினேன்.

முன் சீட்டில், மடியில் கிடந்த கையின் ஆள்காட்டி விரல் மட்டும் மெல்ல எழுந்தது.

"இப்பவாவது வந்தானே, இந்தப் பக்கத்து ஆளு!" என்றாள் அவள்.