எண்ணெய்த் தூரிகைக்கு மெமோ வாங்கிய எழுத்தோவியர் அக்காவுக்கு

எழுத்துக்கு எழிலூட்டிய எங்கள் அக்காவே! ஏணியின் உச்சியிலும் கோடு கோணாத கைக்கு உரியவரே! முப்பத்தொரு ஆண்டுகள் இப்பெயர்ப்பலகைக் கூடத்தின் முதுகெலும்பாய் நின்று, இன்று பணி ஓய்வு பெறுபவரே! வணக்கம்.

புதுத் தூரிகைகள் வந்தால் மேலாளர் கைப்பிடியின் பளபளப்பைப் பார்ப்பார். தாங்கள் முடியைப் பார்ப்பீர்கள். நனைத்து, நகத்தின்மேல் அழுத்தி, நுனி உளிபோல் நேராய் நிற்கிறதா, ஒற்றை முடியேனும் ஒதுங்குகிறதா என்று சோதித்து, பன்னிரண்டில் பத்தைத் தயவுதாட்சண்யமின்றித் திருப்பி அனுப்புவீர்கள். வேலை முடிந்ததும் மண்ணெண்ணெயில் அலசி, எண்ணெய் தடவி, நுனியை நீவித் தட்டில் படுக்கவைப்பீர்கள். மறுநாள் அந்த எண்ணெய் அடியோடு போகும்வரை அலசாமல் வண்ணத்தைத் தொட்டதில்லை. எண்ணெய் மிஞ்சினால் எழுத்து காயாது என்பது கூடத்தில் எல்லோருக்கும் தெரியும்.

தெரிந்தும் தவறியவர் நம் இரண்டாம் ஓவியர். பதினோரு ஆண்டுகளுக்கு முன், புதுக்கட்டடத் திறப்புக்கு முந்தைய நாள், தாங்கள் வேறொரு ஏணியில் இருந்தபோது, அவசரத்தில் தங்கள் தூரிகையை எண்ணெயோடு எடுத்து எனாமல் வண்ணத்தில் தோய்த்துப் பலகை முழுதும் எழுதிவிட்டார். மறுநாள் பலகையில் சாய்ந்த சிறப்பு விருந்தினரின் வெள்ளைச் சட்டையில் கட்டடத்தின் பாதிப் பெயர் ஏறியது. மேலாளர் கூடத்துக்கு வந்து வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். யாருடைய பிரஷ் என்று கேட்டாரே தவிர, யார் எழுதியது என்று கேட்கவில்லை.

"பிரஷ் என்னோடது சார்," என்றீர்கள். "என்கிட்டயே கேளுங்க."

இரண்டாம் ஓவியருக்கு உண்மை வாய் வரை வந்தது. வீட்டில் கைக்குழந்தை, வேலையோ நிரந்தரமாகவில்லை. விழுங்கிவிட்டார். கவனக்குறைவு என்று தங்களுக்கு மெமோ வந்தது. அதைக் காட்டியே தலைமை ஓவியர் பதவி இருமுறை மறுக்கப்பட்டது. விசாரிக்காமல் கையெழுத்திட்ட மேலாளரை நினைத்தால் எங்களுக்கு வயிறு எரிகிறது. எழுதியவர் யார் என்று கேட்காமல் வாய்மூடி இருந்த எங்கள் மீது அதைவிட எரிகிறது. நடந்ததைத் தாங்கள் எங்களிடம் சொல்லியிருந்தால் தோள்கொடுத்திருப்போமே, அக்கா! ஆகவே தங்கள் மீதும் கோபம்தான்.

இன்று காலை இரண்டாம் ஓவியர் உண்மையைக் கைப்பட எழுதி மேலாளரிடம் கொடுத்தார். விழா முடியட்டும் என்று பிரிக்காமலே சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, தங்கள் பக்கத்து நாற்காலியில் அமர்ந்திருக்கிறார் மேலாளர். விழா முடிந்தால் தாங்கள் போய்விடுவீர்கள். மெமோ கோப்பில் தங்கிவிடும். மாலையும் பொன்னாடையும் காத்திருக்கட்டும். அந்தக் கடிதம் இச்சபையில் பிரிக்கப்படும்வரை நாங்கள் ஒருவரும் உட்காரப்போவதில்லை.

நோயின்றி, நொடியின்றி, நூறாண்டு வாழ்க! கறையின்றி வீடு செல்க!

இவண்,
நின்றுகொண்டிருக்கும் தங்கள் கூடத்து ஊழியர்கள் ஒன்பதின்மர்.
வாசித்தவர்: இரண்டாம் ஓவியர்.