கோச் வீட்டுப் புல்லுல நட ஒரு போர்டு

இல்ல சார், அந்த போர்டு கடையோட கடைசி வரிசைல இருக்கு, நானே எடுத்துத் தரேன். ஆனா ஒண்ணு கேக்கணும். எந்த வீட்ட விக்கப் போறீங்க?

உங்க வீடா? சரி. எந்தத் தெரு?

பாத்தீங்களா, முழிக்கறீங்க. சொந்த வீட்டுத் தெருப் பேரு யாருக்காவது மறக்குமா? மேல நம்ம காலேஜ் ஃபுட்பால் டீம் ஜாக்கெட், தலைல டீம் தொப்பி, கைல சுத்தியல். இப்போ, வீடு விற்பனைக்குன்னு எழுதின போர்டு வேணும். போன சனிக்கிழமை நம்ம டீம் தோத்துச்சு, ஞாயித்துக்கிழமையே இந்த போர்டு எல்லாம் வித்துப் போச்சு, இப்போ இருக்கறது புதுசா வந்தது. இத்தனூண்டு ஊர்ல அத்தன பேரா வீட்ட விக்கறாங்க? கோச் வீட்டுப் புல்லுல நடத்தானே? ஊரக் காலி பண்ணுய்யான்னு மூஞ்சிக்கு நேரா சொல்லத் தைரியம் கெடையாது. அதான் இது.

சிரிக்காதீங்க. பயப்படவும் வேணாம், போலீஸ எல்லாம் கூப்பிட மாட்டேன். விக்கறதுதானே என் வேலை.

நானா? டீமப் பத்தி நான் என்ன நெனைக்கறேன்னா... உண்மையச் சொல்லவா? படு மட்டம். வரிசையா அஞ்சு மேட்ச் போச்சு. பந்து எறியற பையன் டாரியன் இருக்கானே, அவன் கை நல்ல கைதான். ஆனா முன்னாடி நின்னு எதிராளியத் தடுக்க வேண்டிய தடியனுங்க இருக்கானுங்களே, வாங்க வாங்கன்னு வழி விடறானுங்க. பந்த ஓங்கறதுக்குள்ள பாவம் அவன் தரைல கெடக்கான். கோச் என்னடான்னா வாரா வாரம் ரேடியோல வந்து, பசங்க கத்துக்கிட்டு வராங்க, கொஞ்சம் பொறுங்கன்றாரு. பொறுங்கன்னு சொல்ற யாரையும் நான் நம்பறதில்ல.

அதோ, காபி மெஷின்கிட்ட ரெண்டு பெருசுங்க நிக்கறாங்க பாருங்க. குண்டா இருக்கறவரு ஆர்வில். இந்த சனிக்கிழமை ஜெயிக்கறோம், எழுதி வெச்சுக்கோன்னு காலைலேந்து உயிர எடுக்கறாரு. பக்கத்துல லாய்ட். வாய மூடுய்யா, போன வாரமும் இதத்தான் ஒளறினன்னு திட்டிக்கிட்டே இருக்காரு. ஆனா ரெண்டு பேரும் டிக்கெட் வாங்கியாச்சு! மழைல நனைஞ்சுக்கிட்டு கடைசி நிமிஷம் வரைக்கும் பக்கத்துப் பக்கத்துல ஒக்காந்திருப்பாங்க. எனக்கு ஆர்வில் மேல சந்தேகமே இல்ல, அவரு லூசு. லாய்ட் மேலதான் சந்தேகம். நம்பிக்கை இல்லன்னா எதுக்கு சார் போறாரு?

நீங்களும் போறீங்களா? அதானே பாத்தேன்.

ஆமா, இந்த சனிக்கிழமை ஹால்ஸ்டெட் காலேஜ்கிட்டயும் தோத்தா கோச்சத் தூக்கிருவாங்க. காலேஜ்ல அவரக் கூப்பிட்டே சொல்லிட்டாங்க. யாரு சொன்னாங்கன்னா கேக்கறீங்க? காதுல விழுந்துச்சு, விடுங்க.

ஸ்கூலா? நின்னுட்டேன். ரெண்டு வருஷத்துக்கு ஒரு ஊரு, ஒவ்வொரு ஊர்லயும் புது ஸ்கூலு. இங்க வந்ததும், போங்கடான்னு விட்டுட்டேன். அத எதுக்கு கேக்கறீங்க இப்போ?

போர்டு நட அந்தக் குச்சி வேணாம், முனையே இல்ல, மண்ணுல எறங்காது. இத எடுத்துக்கோங்க. அப்புறம், கோச் வீட்டு வாசல்ல இருக்கற தபால் பெட்டிக்கு இடது பக்கம் அடிக்காதீங்க, அடில தண்ணிக் குழாய் போகுது. போன தடவ ஒரு அறிவாளி அதுல ஓட்ட போட்டுட்டுப் போயிட்டான். நாய் வரும், ஓடாதீங்க. கடிக்காது, நக்கும்.

எனக்கு எப்படித் தெரியும்னா, அது எங்க வீடு சார். கோச் எங்கப்பா.

அட, எதுக்குக் கீழ வைக்கறீங்க? எடுத்துட்டுப் போங்க, எனக்கு ஒண்ணும் இல்ல. அப்பா விடியறதுக்கு முன்னாடி மைதானத்துக்குக் கெளம்பறப்போ, நட்டது எல்லாத்தையும் புடுங்கி கார் ஷெட்டுல சாத்தி வெச்சுட்டுத்தான் போவாரு. அம்மா கண்ணுல படக் கூடாதாம்.

நேத்து ஒண்ணு நட்டிருந்துது. அது மட்டும் நெஜ போர்டு. வீட்டுத் தரகர வரவழைச்சு, போன் நம்பரோட அம்மாதான் நட வெச்சாங்க. வீடு அவங்க பேர்ல இருக்கு. இன்னொரு ஊருக்கெல்லாம் அவரு கூட வர மாட்டாங்களாம், என்னக் கூட்டிக்கிட்டு பாட்டி ஊருக்குப் போறாங்களாம். காலைல அப்பா அதையும் புடுங்கி மத்ததோட சாத்திட்டாரு. என்ன எழுதியிருக்குன்னுகூடப் பாக்கல. அம்மா ஜன்னல்கிட்ட நின்னு பாத்துக்கிட்டே இருந்தாங்க, அது நெஜ போர்டுன்னு அவருகிட்ட சொல்லல. நானும் சொல்லல. சனிக்கிழமை ஜெயிச்சுருவோம்னு நம்பிட்டு இருக்காரு சார், டாரியன் நல்லா எறியறானாம்.