பூட்டிக் கிடக்கும் மாடிப் போர்ஷன்

"யாரு என்னன்னு கேக்காமலே வீட்டுக்குள்ள சேத்துக்கினாங்களாம்மா."

நகரியிலிருந்து திருப்பதி போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் நகரிக்காரி ஒருத்தி சொன்னாள். அவள் மகன் போலந்தில் வேலை பார்க்கிறானாம். பக்கத்து உக்ரைனில் சண்டை வந்ததும் எல்லை தாண்டி ஓடி வந்தவர்களைப் பற்றிய பேச்சு. கேட்டுக்கொண்டிருந்த அம்மாள் திருப்பதிக்காரர். அவருக்குக் கேள்வி அடங்கவில்லை.

"எங்க தங்க வெச்சாங்க?"

"எம் பையனோட ஹவுஸ் ஓனரு தன் ரூமையே குட்த்துட்டு ஹால்ல படுத்துக்கினாராம்."

"தெரிஞ்சவங்களா?"

"இல்லம்மா. வந்ததும் சாப்டீங்களான்னுதான் கேட்டாராம்."

"நல்ல மனசு. நம்ம பக்கம் யாரு செய்வாங்க? எங்க மாடி போர்ஷன்கூட சும்மா பூட்டித்தான் கெடக்குது."

புத்தூர் தாண்டியது. நகரிக்காரி தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"எம் பொண்ணுக்குத் திருப்பதி காலேஜ்ல சீட்டு கெடச்சிருக்குதும்மா. ரூம் தேடிக்கினுதான் போறேன். அந்தப் போர்ஷன எங்களுக்கு வாடகைக்கு உடுவீங்களா?"

அதுவரை ஜன்னல் பக்கம் சாய்ந்திருந்த அம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவள் நெற்றியைப் பார்த்தார், கழுத்தைப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நீங்க என்ன ஆளுங்க?"