பெல் அடித்த நேரம் 09.12

அலுமினியக் குழாயை நேரில் போய், கையில் தூக்கிப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். படத்தைப் பார்த்து வாங்கினால் ஏமாந்துபோவோம். சாலைக் கடைத்தெருவில் முப்பத்தொரு வருடம் இரும்புக்கடை நடத்தியவன் சொல்கிறேன், சார். குழாயை விரலால் சுண்டினாலே அதன் கனம் எனக்குத் தெரிந்துவிடும். கடையைத் தம்பி மகன் அனூப்பிடம் ஒப்படைத்த பிறகும் விரலுக்கு அது மறக்கவில்லை.

எங்கிருந்து வேண்டுமானாலும் தொடங்கலாம் என்றீர்கள். அதனால் ஆன்டெனாவிலிருந்து தொடங்குகிறேன். நீங்கள் பாறசாலைக்காரர், தமிழ் புரியும். வாக்குமூலம் எழுதும் ஸ்டேஷன் ரைட்டருக்கு நீங்களே மலையாளத்தில் சொல்லிவிடுங்கள். வெளியே பெஞ்சில், என் மனைவியைப் பார்த்துக்கொள்ள வந்துகொண்டிருந்த ஓமனா உட்கார்ந்திருக்கிறாள். என் மனைவி உலகம்மை இறந்ததற்கு அவளுடைய அலட்சியம்தான் காரணம் என்று என் மகள் ஆர்யா புகார் கொடுத்து இன்றோடு பதினோரு நாள் ஆகிறது. அந்தப் புகாரில் ஒரு திருத்தம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

நான் அமெச்சூர் ரேடியோக்காரன். பொழுதுபோக்குதான், ஆனால் பரீட்சை எழுதி சர்க்கார் லைசென்ஸ் வாங்கி நடத்துகிற பொழுதுபோக்கு. இருபத்தாறு வருடமாக மொட்டைமாடி அறையில் உட்கார்ந்து, முகம் தெரியாதவர்களோடு பேசுகிறேன். முன்பு இரண்டு தென்னைகளுக்கு நடுவே ஒயர் கட்டியிருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் தென்னைகளை வெட்டியதும் அது போயிற்று. அதற்குப் பதிலாகத்தான் போன மழைக்கு முன்பு இந்தச் செங்குத்து ஆன்டெனாவை நட்டேன். ஏழு மீட்டர் உயரத்தில் ஒரே கம்பம். நடுநடுவே சுருள்கள். அவற்றால் ஒரே கம்பம் பத்து, பதினைந்து, இருபது, நாற்பது மீட்டர் என்று நான்கு அலைவரிசைகளில் வேலை செய்யும். பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டு வேலையைத் தொடங்கினோம்.

கூட இருந்தவர் ஷிஜு. கரமனையில் இன்வெர்ட்டர் பழுது பார்ப்பவர், அவரும் லைசென்ஸ்காரர். கம்பம் மட்டும் நின்றால் போதாது சார். அதன் காலடியிலிருந்து நாலா பக்கமும் கம்பிகள் விரிய வேண்டும். பதினாறு கம்பிகளை மொட்டைமாடித் தரையில் விரித்து, காற்றில் எழும்பாமல் செங்கல் வைத்தோம். தண்ணீர்த் தொட்டி இருந்த பக்கம் மட்டும் இடமில்லை. அங்கே ஒரு கம்பியைச் சுவரை ஒட்டிக் கீழே இறக்கினேன். அது உலகம்மையின் ஜன்னல் ஓரமாகப் போயிற்று.

ஷிஜு எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார். "அண்ணாச்சி, இந்தக் கம்பி இவ்விடம் வேண்டா கேட்டோ. ஜன்னல்ல சேச்சிக்க பெல்லு தொங்குது. நீங்க மைக்க அமுக்கினா அது தன்னால அடிக்கும்."

"அடிச்சா என்ன, அவ எந்திரிச்சு வந்து திட்டவா போறா?" என்றேன்.

ஷிஜு சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

உலகம்மைக்கு வாதம் வந்து மூன்று வருடம் முடிந்திருந்தது. வலது பக்கம் முழுதும் போய்விட்டது. பேச்சும் போய்விட்டது. அதற்கு முன் நன்றாகப் பேசுவாள். நாகர்கோவில் பக்கத்துப் பேச்சு, கிழக்கேகோட்டையில் நாற்பது வருடம் இருந்தும் மாறவில்லை. நான் மாடியிலிருந்து இறங்கினால் போதும். "ஊரு ஒலகம் பூரா பேசுதிய. கீழ ஒருத்தி கெடக்கா, அவகிட்ட ரெண்டு வார்த்த பேசினா ஒங்க லைசென்ஸ புடுங்கிருவானா?" என்பாள். கேட்பவர்கள் எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

பெல்லை வாங்கி அனுப்பியது ஆர்யா. அவள் பெங்களூரில் இருக்கிறாள். பொத்தான் கட்டில் பக்கத்தில், ஜன்னல் கம்பியில் தொங்கும். உலகம்மை இடது கையால் அழுத்தினால் மாடியில் என் மேஜையில் இருக்கும் பெட்டி அடிக்கும், சத்தம் கீழேயும் கேட்கும். ஆர்யா தினமும் போனில் கேட்பாள். "அப்பா, பெல்லு சார்ஜ் உண்டோ? அம்மா அடிச்சா உடனே போணும், கேட்டோ." போய்க்கொண்டுதான் இருந்தேன். இருபத்துமூன்று படி. ஃபேனைக் கூட்ட, ஃபேனைக் குறைக்க, போர்வையை எடுக்க, போர்வையைப் போட. சில சமயம் எதற்கு அழைத்தாள் என்றே தெரியாது. நான் நிற்பேன், அவள் பார்ப்பாள். எனக்குக் கேட்கத் தெரியவில்லை, அவளுக்குச் சொல்ல வரவில்லை. அழைப்பதும் ஓடுவதும் மட்டுமே மிஞ்சிய வீடு சார் அது. இரண்டு பேருமே வேறொன்றும் செய்ய முடியாதவர்கள்.

காலை ஏழு மணி முதல் பகல் ஒரு மணி வரை ஓமனா பார்த்துக்கொள்வாள். ஒரு மணிக்கு மேல் நான். பதினைந்து மீட்டரில் ஐரோப்பா நன்றாகக் கேட்பது பகல் இரண்டுக்கு மேல்தான். இந்த இரண்டு வருடமாகச் சூரியனில் கரும்புள்ளிகள் உச்சத்தில் இருக்கின்றன, ரேடியோ அலை வெகுதூரம் போகும். இப்படி ஒரு காலம் பதினோரு வருடத்துக்கு ஒருமுறைதான் வரும். எனக்கு அறுபத்தெட்டு வயது. அடுத்த உச்சத்துக்கு நான் இருப்பேனா தெரியாது.

ஆன்டெனா அருமையாக அமைந்தது. கம்பத்தின் நீளத்தை விரற்கடை விரற்கடையாகக் கூட்டிக் குறைத்து, மீட்டர் முள்ளை ஒன்று புள்ளி இரண்டில் நிறுத்தினேன். அனுப்பும் சக்தியில் எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் மீட்டர் அது. போனது திரும்பி வராமல் இருப்பதுதான் நல்ல ஆன்டெனாவின் லட்சணம்.

ஷிஜு சொன்னபடியே ஆயிற்று. பதினைந்து மீட்டரில் நான் பேசினால் பெல் அடித்தது. முதல் சில நாள் ஒவ்வொரு தடவையும் இறங்கி ஓடினேன். உலகம்மை தூங்கிக்கொண்டிருப்பாள். பிறகு ஒருநாள் கிளம்பும் நேரத்தில் ஓமனாவைப் பெட்டியோடு நடையில் நிற்கவைத்து, நான் மாடியிலிருந்து சோதித்துக் காட்டினேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "சாரே, பெல்லுக்குப் பிராந்து பிடிச்சுதா? அம்மச்சி உறங்குது. பின்னே ஆரு அடிக்கிறது, ஜன்னல்ல யட்சி ஏதாச்சும் உண்டோ?"

அதை அவள் உங்களிடமும் சொல்லியிருக்கிறாள். பெல் தன்னால் அடிக்கும் என்று சொன்னாள். அலட்சியத்தை மறைக்க அவள் கட்டிய கதை என்று நீங்கள் எழுதிக்கொண்டீர்கள். கதை இல்லை. உண்மை.

ஷிஜு இரண்டு வளையங்கள் கொண்டுவந்து தந்தார். கறுப்பாக, உளுந்துவடை அளவில் இருக்கும். கம்பியை அதில் ஏழெட்டுச் சுற்று சுற்றினால் தொந்தரவு நின்றுவிடும். அரை மணி நேர வேலை. கம்பியைக் கழற்றியே விடலாம், பதினாறில் ஒன்று குறைந்தால் எதுவும் ஆகாது. வளையங்கள் என் மேஜை இழுப்பறையில் இருக்கின்றன, எடுத்துக்கொள்ளலாம். நான் சுற்றவில்லை.

ஏன் என்று கேட்பீர்கள். யோசித்துப் பார்த்தேன். அதுவரை பெல் அடித்தால் ஒரே அர்த்தம், நான் போக வேண்டும். கம்பி வந்த பிறகு இரண்டு அர்த்தம். அவளாக இருக்கலாம், ஆன்டெனாவாக இருக்கலாம். எது என்று நான் தீர்மானித்துக்கொள்ளலாம். மூன்று வருடத்தில் முதன்முறையாக எனக்கு அந்த வீட்டில் ஏதோ ஒன்றைத் தீர்மானிக்கக் கிடைத்தது. அதைச் சரிசெய்ய எனக்கு மனம் வரவில்லை.

வித்தியாசம் தெரியாதா என்றால், தெரியும். நான் மைக்கை அழுத்தினால் பெல் ஒருமுறை அடிக்கும், அவ்வளவுதான். அவள் அழுத்தினால் விட்டுவிட்டு அடிக்கும். காது பழகியவனுக்கு அது பெரிய விஷயம் இல்லை. ஆயிரம் மைல் இரைச்சலில் ஒரு மனிதனின் குரலைப் பிரித்தெடுப்பதுதான் எங்கள் வேலையே.

இப்போது அந்த நோட்டுப் புத்தகம். பேசிய ஒவ்வொரு நிலையத்தையும் நாங்கள் பதிவேட்டில் ஏற்றுவோம். நேரம், அலைவரிசை, யார், எப்படிக் கேட்டது. அதில் ஒரு ஒழுங்கு உண்டு. அவர் அழைத்து, நான் பதில் சொல்லி, இரண்டு பேரும் கேட்டதை உறுதி செய்தால்தான் அது தொடர்பு. அதற்குத்தான் ஒரு வரி. காதில் விழுந்ததையெல்லாம் எழுதுவதில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஓமனா வழக்கம்போல ஒரு மணிக்குக் கிளம்பினாள். கிளம்பும்போது வழக்கம்போலச் சொன்னாள். "கஞ்சி குடிச்சா அரை மணிக்கூர் அம்மச்சிய சாய்க்கவே கூடாது சாரே. சாய்ச்சா நெஞ்சில கேறும்." தினமும் சொல்வாள். நான் தினமும் தலையாட்டுவேன்.

இரண்டு பத்துக்குக் கஞ்சி கொடுத்தேன். கொடுத்துக்கொண்டிருக்கும்போதே ஷிஜு போனில் செய்தி அனுப்பினார். அட்லாண்டிக் நடுவில் ஒரு தீவு, இருபத்தாறு வருடத்தில் எனக்குக் கிடைக்காத தீவு, பதினைந்து மீட்டரில் அழைத்துக்கொண்டிருக்கிறது என்று. அரை மணி நேரம் உட்கார வைக்க வேண்டியவளை ஐந்து நிமிடம் உட்கார வைத்தேன். தனியாக உட்கார்ந்தால் சரிந்து கட்டிலிலிருந்து விழுந்துவிடுவாள், அதனால் தலையணைகளை எடுத்துவிட்டு மல்லாக்கப் படுக்கவைத்தேன். அவள் இடது கையால் என் சட்டையைப் பிடித்தாள். விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன். முரட்டுத்தனமாக இல்லை.

மேலே போனதும் ஒரு ஜெர்மன்காரர் கிடைத்தார், முடித்தேன். பிறகு தீவு. ஒரே சமயத்தில் நாற்பது ஐம்பது பேர் கூப்பிடுவார்கள், வரிசை வரும்வரை காத்திருக்க வேண்டும். நான் மைக்கை மேஜையில் வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். அப்போது பெல் அடித்தது.

மீட்டரைப் பார்த்தேன். முள் பூஜ்யத்தில் இருந்தது. என் ஆன்டெனாவிலிருந்து எதுவும் போகவில்லை. பெல் மறுபடி அடித்தது. மொத்தம் ஏழு தடவை. முதல் மூன்றும் அடுத்தடுத்து. பிறகு இடைவெளி கூடிக்கூடி வந்தது. ஆறாவதற்கும் ஏழாவதற்கும் நடுவே நான் ஒரு பேனாவைத் தேடி எடுத்து, மூடியைக் கழற்றி, அது எழுதாமல் உதறி, எழுதவும் வைத்துவிட்டேன். எழுதி முடித்தபோது பெல் நின்றிருந்தது. எதையும் விடாமல் சொல்லச் சொன்னீர்கள். அந்த அமைதி எனக்குப் பிடித்திருந்தது.

தீவு எனக்குப் பதில் சொல்ல ஒன்பது நிமிடம் ஆயிற்று. அதன் பிறகு ஒரு இத்தாலிக்காரர், ஒரு போர்ச்சுகல்காரர். கீழே இறங்கும்போது மூன்று இருபது. பொத்தான் அவள் கையிலேயே இருந்தது. அதை எடுத்து ஜன்னல் கம்பியில் மாட்டிவிட்டுத்தான் ஆர்யாவுக்குப் போன் செய்தேன்.

காலையிலும் கஞ்சி, மதியமும் கஞ்சி. எந்தக் கஞ்சி நுரையீரலில் ஏறியது என்று டாக்டரால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. பிறகு நீங்கள் நோட்டைப் புரட்டி, 09.12, பெல், ஏழு முறை என்ற வரியைக் கண்டுபிடித்தீர்கள். ஆர்யாவிடம் வாசித்தும் காட்டினீர்கள். காலை ஒன்பது பன்னிரண்டுக்குக் கீழே இருந்தது ஓமனா. ஏழு தடவை அழைத்தும் போகாதவள் ஓமனா. நெஞ்சில் ஏறிய கஞ்சி மதியம் வரை திணறடித்துக் கொன்றிருக்கிறது என்று ஆயிற்று. சார் காலையில் ரேடியோ பக்கம் போகவே மாட்டார் என்று அவள் அழுதுகொண்டு சொன்னாள். நோட்டில் எழுதியிருப்பதற்கு முன்னால் அவள் சொல் எடுபடவில்லை. ஆர்யா அவள் முகத்துக்கு நேரே கத்தினாள். "என் அம்மா விளிச்சு விளிச்சு செத்தாங்க. நீ கேட்டுட்டு நின்னாய், அல்லே?" நான் பக்கத்தில்தான் நின்றேன்.

நீங்கள் என்னிடம் கேட்டதற்கெல்லாம் நான் உண்மையைத்தான் சொன்னேன். பெல் அடித்தபோது எங்கே இருந்தீர்கள் என்றீர்கள், மாடியில் என்றேன். ஓமனா எப்போது வரை இருப்பாள் என்றீர்கள், ஒரு மணி வரை என்றேன். நோட்டில் இருப்பது எந்த ஊர் நேரம் என்று நீங்கள் கேட்கவில்லை.

அது நம் நேரம் இல்லை. உலகம் முழுக்க ரேடியோக்காரர்கள் எல்லோரும் ஒரே நேரத்தைத்தான் எழுதுவோம். நம் கடிகாரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. 09.12 என்றால் இங்கே பகல் 2.42. அந்தப் பத்தியின் தலையில் யூ.டி.சி. என்று அச்சடித்திருக்கிறது. பதினோரு நாளும் யாராவது பார்ப்பீர்கள் என்று நினைத்தேன். இன்று காலை ஓமனாவின் மகன் அஜின் அவளுக்குச் சோற்றுப் பொதி கொண்டுவந்து, உள்ளே விடாததால் ஸ்டேஷன் கேட்டருகே நின்றதைப் பார்த்தேன். அதனால் வந்தேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் ஒரு பதிவேட்டைத் தப்பாக வாசிப்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை என்பதும் உண்டு.

அந்த வரியின் கடைசியில் 59 என்று இருக்கிறதே, என்ன என்று அன்றைக்குக் கேட்டீர்கள். ஒரு கணக்கு என்று சொல்லிவைத்தேன். அது கேட்ட விதத்துக்கு நாங்கள் கொடுக்கும் மதிப்பெண். ஐந்து என்றால், சொன்னது ஒரு எழுத்து விடாமல் புரிந்தது. ஒன்பது என்றால், இதைவிடப் பலமாகக் கேட்க முடியாது.

அவள் அழைத்தாள். நான் தெளிவாகக் கேட்டேன். பதில் சொல்லவில்லை. ஓமனாவை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள் சார். பதில் சொல்லாத அழைப்பைப் பதிவேட்டில் ஏற்றக் கூடாது, நான் ஏற்றிவிட்டேன். இருபத்தாறு வருடத்தில் நான் செய்த தவறு அது ஒன்றுதான்.