கொரட்டூர் டாங்கியும் சேக்காட்டு மூடியும்

மேடையில் வீற்றிருக்கும் தலைவர் டேவிட் அவர்களே! கணவர் ராயப்பனை இழந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் சகோதரி தெரசா அவர்களே! சேக்காட்டுப் பெருமக்களே! என்னோடு ரயிலேறி வந்திருக்கும் கொரட்டூர்த் தோழர்களே! கனத்த நெஞ்சோடு உங்கள் முன் நிற்கிறான் இந்த அய்யாசாமி. கனத்துக்குக் காரணம் துக்கம் மட்டும் இல்லை. பொறாமையும் இருக்கிறது.

'நினைவிடச் செம்மல்' ராயப்பன்! சுவரொட்டியில் அப்படித்தான் போட்டிருக்கிறீர்கள். ஆவடி ஸ்டேஷனில் இறங்கியதும் பார்த்தேன், வயிறு எரிந்தது. இருவரும் ஒரே நாளில் ஆவடி டாங்கித் தொழிற்சாலையில் சேர்ந்தவர்கள், ஒரே பட்டறையில் போர் டாங்கிக்கு வெல்டிங் அடித்தவர்கள். எனக்கு மட்டும் ஏன் ஒரு பட்டமும் இல்லை? புறப்படும்போது என் மனைவி நாகவல்லி கேட்டாள்: "இன்னா, அவுரு போட்டோவுக்கு மாலை போடப் போறியா, இல்ல அதுல கீற மாலைய கழட்டி நீ போட்டுக்கப் போறியா?" 

எண்பத்தேழாம் ஆண்டு மத்திய அரசு அறிவித்தது. போரில் மாண்ட வீரர்களுக்கு நம் பகுதியில் ஒரு தேசிய நினைவிடம், கூடவே ஓர் அருங்காட்சியகம். நிதி அரசுடையது, ஆனால் ஓர் ஊருக்குத்தான். சேக்காட்டில் ராயப்பன் குழு அமைத்தார், கொரட்டூரில் நான் அமைத்தேன். அவர் கையில் என்ன இருந்தது? போரில் அடிபட்ட ஒரு டாங்கியின் மேல்மூடி. வெறும் மூடி! என் கையில் என்ன இருந்தது? உடலெங்கும் குண்டு துளைத்த, இராணுவமே கொடுத்த முழு டாங்கி! நிதி யாருக்கு வந்திருக்க வேண்டும்? நீங்களே சொல்லுங்கள்!

டில்லி அதிகாரி பார்வையிட வருகிறார் என்றார்கள். தொழிற்சாலைக்காரன் கை சும்மா இருக்குமா? இன்ஸ்பெக்‌ஷன் என்றால் நாம் மரத்துக்குக்கூடச் சுண்ணாம்பு அடிக்கிறவர்கள் ஆயிற்றே! ஓட்டைகளையெல்லாம் பட்டி வைத்து அடைத்தோம். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தோம். பளபளவென்று பச்சை பெயிண்ட் அடித்தோம். அதிகாரி சுற்றிப் பார்த்துவிட்டு, "புது டாங்கி மாதிரி இருக்கிறதே!" என்றார். நாங்கள் கைதட்டினோம். ஐயோ, கைதட்டினோம்!

அங்கிருந்து அவர் சேக்காட்டுக்கு வந்தார். ராயப்பன் மூடியைத் துருவோடு, ஓட்டையோடு அப்படியே வைத்திருந்தார். அதிகாரி அந்த ஓட்டைக்குள் விரலை நுழைத்தாராம். அப்படியே தலை வணங்கினாராம். நிதி சேக்காட்டுக்குப் போயிற்று.

உத்தரவு வந்த அன்றே ராயப்பன் என் வீட்டுக்கு வந்தார். "மச்சான், எடம் என்கிட்ட கீது, டாங்கி உன்கிட்ட கீது. குடேன், ஒண்ணா வைக்கலாம்."

"மூடிய வச்சே ஜெயிச்சிட்டல்ல? அத்த வச்சே ஓட்டு!" என்று கதவைச் சாத்தினேன்.

அன்று முதல் என் டாங்கி ஏரிக்கரையில் மழையில் நிற்கிறது. இங்கே கட்டடம் எழும்பியது. இந்தப் பக்கம் வரும்போதெல்லாம், இன்னும் எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறது என்று எரிச்சலோடு பார்த்துவிட்டுப் போவேன்.

போன மாதம் ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் அனுப்பினார். போனேன். "மச்சான், நடு ஹாலு காலியாத்தான் கீது. யார் கேட்டும் வேற எதையும் வைக்க வுடல. கடைசித் தவணப் பணம் குடுக்கறதுக்கு முன்னாடி பாக்க டில்லிக்காரன் வருவான். உன் டாங்கிய எட்தாந்து நிறுத்து. ஆனா பெயிண்ட்ட சொரண்டிட்டு எட்தா!"

நான் சிரித்தேன். அவரும் இருமல் வரும்வரை சிரித்தார். அந்த வாரமே போய்விட்டார்.

ராயப்பா! நான் கதவைச் சாத்தினேன். நீ எனக்கு இடம் விட்டுவைத்துக் காத்திருந்தாய்! இந்த மனசு எனக்கு ஏன் வரவில்லை? நிதி கிடைத்ததற்கும் பட்டம் கிடைத்ததற்கும் எரிந்ததைவிட, இதற்குத்தான் இப்போது அதிகம் எரிகிறது.

பெருமக்களே! ஞாயிற்றுக்கிழமை காலை கொரட்டூர் ஏரிக்கரைக்கு வாருங்கள். பூ வேண்டாம், உப்புத்தாள் கொண்டுவாருங்கள். நாங்கள் அடைத்த ஓட்டைகளை நாமெல்லாம் சேர்ந்து திறப்போம். டாங்கி நடு ஹாலுக்கு வரும், மூடியும் அதன் பக்கத்தில் இருக்கும். மீதி நிதியை வாங்கி இந்த நினைவிடத்தைத் திறக்காமல் நான் ஓயமாட்டேன். இது என் உறுதி!

அன்று கல்வெட்டில் உன் பெயர்தான் முதலில் இருக்கும். போ ராயப்பா, அதையும் நீயே எடுத்துக்கொள்.