அகல மூக்குப் பார்

எனக்குச் சாப்பாட்டுத் தட்டு சுத்தமாக இருக்க வேண்டும், ஐயா. அவ்வளவுதான் என் குணம். மற்றபடி யார் வம்புக்கும் போகாதவன்.

மரப்பட்டறையில் சங்கிலி ரம்பங்களைத் தயார் செய்து கொடுப்பது என் வேலை. அறுப்பது என் தங்கை புருஷன். பெரிய மரத்துண்டுகளைக் குடைந்து பூந்தொட்டி செய்வோம். குடைவதென்றால் ரம்பத்தின் நுனியையே நேராக மரத்தில் குத்த வேண்டும். சாதாரண பாரில், அதாவது சங்கிலி சுற்றி ஓடும் அந்த நீளத் தகட்டில், இது ஆகாது. அதன் மூக்கு அகலம். நுனி பட்ட மாத்திரத்தில் ரம்பம் எகிறி முகத்துக்கு வரும். குடைவதற்கென்றே மூக்கு குறுகிய பார் உண்டு. அது அவ்வளவாக எகிறாது. எந்த வேலைக்கு எந்தப் பார் என்பதில் நான் தவறியதே இல்லை.

அவனைப் பற்றிச் சொல்லவே குமட்டுகிறது. பார் இடுக்கில் தூள் எடுக்க நான் வைத்திருக்கும் கம்பியால் காது குடைவான். குடைந்ததை உற்றுப் பார்ப்பான், பிறகு கால்சட்டையில் தேய்ப்பான். என் தண்ணீர் பாட்டிலில் வாய் வைத்துக் குடிப்பான். திரும்பி வரும்போது உள்ளே ஏதோ மிதக்கும். "என்ன மச்சான், நமக்குள்ள எச்சில் கிச்சில்னு பார்த்துக்கிட்டு?" என்று முதுகில் தட்டுவான். அந்தக் கை எங்கெல்லாம் போய்விட்டு வந்தது என்று எனக்குத்தான் தெரியும்.

நாங்கள் மூவரும் ஒரே வீடு. என் தங்கை தினமும் அவன் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டாள். பாவம், பொறுத்துக்கொண்டிருந்தாள். போன வாரம் அவன் பல்லிடுக்கிலிருந்து எதையோ நோண்டி எடுத்து, "ஏய், நேத்து கறிடி" என்று அவளிடம் நீட்டினான். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "சீ, போங்க" என்று அவன் தோளிலேயே சாய்ந்தாள். ஒரு பெண் அப்படிச் சிரிக்கிறாள் என்றால் உள்ளுக்குள் எவ்வளவு வெந்துகொண்டிருப்பாள், நீங்களே யோசியுங்கள்.

மறுநாள் காலை அவன் ரம்பத்தில் அகல மூக்குப் பாரை மாட்டினேன். எதையும் ஒளிக்கவில்லை. ஒரு பார்வை பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அவன் பார்க்க மாட்டான். "மச்சான் மாட்டினா நான் எதுக்குப் பார்க்கணும்?" என்பான் எப்போதும். முகக்காப்பும் போட மாட்டான், புழுங்குகிறதாம். கிளப்பினான், நுனியை மரத்தில் வைத்தான். நான் தள்ளித்தான் நின்றேன், தெறிக்கும் என்பதால்.

மேற்பார்வையாளர் பாரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். கைதவறிவிட்டது என்று சொல்லியிருக்கலாம். என் வேலையில் கைதவறாது, ஐயா. தெரிந்தேதான் மாட்டினேன். சாகட்டும் என்றுதான் மாட்டினேன். எல்லாம் தங்கைக்காக.

ஒரே ஒரு விண்ணப்பம். என்னைப் பார்க்க அவள் வெளியில் காத்திருக்கிறாளாம். உள்ளே விடாதீர்கள். அழும்போது மூக்கைப் புறங்கையால் துடைக்கிறாள், அதே கையோடு என்னைத் தொட வருகிறாள்.