அப்பம் சுட்டவளுக்கு

கிளம்பவும் மாட்டாமல் ஓயவும் மாட்டாமல் இண்டூரில் உறுமிக்கொண்டு நின்றது பேருந்து. எனக்கு முன்னிருக்கையில் ஒரு பள்ளியின் தலைமையாசிரியையான கன்னியாஸ்திரி. அருகில், அந்தப் பள்ளிக்குப் புதிதாக வந்த கம்ப்யூட்டரில் மார்க் லிஸ்ட் போட புரோக்ராம் எழுதிய பெண்.

“ஆண்டவரு அஞ்சு அப்பத்தைப் பெருக்கினப்ப யாராச்சும் வெலை கேட்டாங்களா, ஸ்டெல்லா?”

“அதைச் சுட்டவளுக்கு என்ன குடுத்தாங்க, சிஸ்டர்?”

“ஒன் புரோக்ராமை பிளாப்பியில காப்பி எடுத்து மூணு ஸ்கூலுக்குக் குடுத்தேன். நம்மளுது கொறைஞ்சா போச்சு?”

“நாலு மாசம் ஒக்காந்து எழுதுனது நானுங்க. அந்த மூணு ஸ்கூலும் வாங்கும்னு நம்பித்தான், பெங்களூர் வேலைக்கு வரலைன்னு லெட்டர் எழுதி பையில வெச்சிருக்கேன்.”

“கோவிச்சுக்காத. அவங்க லிஸ்டுலயும் நம்ம ஸ்கூல் பேருதான் அச்சாவுதாம். ஒரு எட்டுப் போயி மாத்திக் குடுத்துடு.”

ஸ்டெல்லா சிரித்தேவிட்டாள். “புரோக்ராம் ஓசியில போயிருச்சு. நான் ஓசி இல்லீங்க. போற ஒவ்வொரு தடவைக்கும் கூலி வேணும்.”

பேருந்து நகர்ந்தது. கண்ணாடிகள் கடகடத்தன. நான் காதை முன்னே கொண்டுபோனேன்.

“சரி, கேட்டு வாங்கித் தரேன். அந்த லெட்டரைக் குடு, நானே தபால்ல போட்டுடறேன்.”

ஸ்டெல்லா கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டாள்.

“மொதல்ல நீங்க அவங்க மூணு பேருக்கும் கூலி கேட்டு லெட்டர் போடுங்க, சிஸ்டர்.”